புகை மட்டும் போதாது: பிடித்த மீனை வீட்டில் புகையூட்டுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் மீனைப் புகையூட்டுவது பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. எந்த மரம் நல்லது, எத்தனை மணி நேரம் போட வேண்டும், பழைய டிரம்மை எப்படிப் புகைப்பெட்டியாக மாற்றுவது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். இந்தப் பேச்சு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கை இருக்கிறது: புகை போட்டுவிட்டால் மீன் கெடாது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு. நன்னீர் மீன் விஷயத்தில் உயிரையே எடுக்கக்கூடிய தவறு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையூட்டிய மீனைப் பாதுகாக்கிற வேலையை உப்பு, காய்தல், சூடு, அப்புறம் குளிர் ஆகிய நான்கும்தான் செய்கின்றன. புகை மணம் தருகிறது, நிறம் தருகிறது, மேற்பரப்பில் கொஞ்சம் காவல் காக்கிறது. அவ்வளவுதான். எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எவருடைய செய்முறையை எடுத்தாலும் எந்த இடத்தில் கைவைக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மீன் ஏன் கெடுகிறது

உயிரோடு நீந்தும் மீனின் சதைக்குள் கிருமிகள் இருப்பதில்லை. அவை தோலின் வழுவழுப்பிலும் செவுளிலும் குடலிலும் இருக்கின்றன. மீன் செத்ததும் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. மீனின் சொந்த நொதிகள் சதையைக் கரைக்க ஆரம்பிக்கின்றன. நொதி என்பது செரிமானம் போன்ற வேலைகளுக்காக உடலே தயாரித்துக்கொள்ளும் புரதம். வயிறு நிறைய இரையெடுத்த மீனைச் சுத்தம் செய்யாமல் வெயிலில் போட்டால் சில மணி நேரத்தில் வயிறு இளகிக் கிழிவது இதனால்தான். இன்னொரு பக்கம், தோலிலும் குடலிலும் இருந்த கிருமிகள் சதைக்குள் நுழைந்து பெருகுகின்றன.

பெருகுவதற்கு அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். மீன் சதையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். துவைத்த துணியை நினைத்துப் பாருங்கள். ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டால் மறுநாள் நாறும். அதையே கொடியில் காற்றுப்பட விரித்துப் போட்டால் நாறாது. துணியும் அதேதான், அதிலிருந்த கிருமிகளும் அதேதான். ஈரம் எவ்வளவு நேரம் தங்கியது என்பதில்தான் வித்தியாசம். மீனுக்கும் இதே நியாயம்தான்.

ஈரத்தைக் கிருமியிடமிருந்து பறிக்க இரண்டு வழி உண்டு. காயவைத்துத் தண்ணீரையே வெளியேற்றலாம். அல்லது உப்பைச் சேர்த்து, தண்ணீர் சதைக்குள் இருந்தாலும் கிருமிக்கு எட்டாதபடி கட்டிப்போடலாம். கிருமிக்கு எட்டக்கூடிய தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு அது 1. புது மீனுக்கு ஏறக்குறைய 0.99. அறைச் சூட்டில் வெளியே வைத்தாலும் நோய்க்கிருமிகள் பெருகி நஞ்சு உண்டாக்காது என்று நம்ப வேண்டுமானால் அது 0.85க்கு இறங்க வேண்டும். வீட்டில் புகையூட்டி எடுக்கிற மீன், விரலால் பிட்டால் ஈரமாக இதழ் இதழாகப் பிரிகிற மீன், அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. கருவாடு மாதிரி வெளியில் தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கருவாடு நிற்பது அதில் தண்ணீர் இல்லாததால்.

சுருக்கமாக: மீனைக் கெடுப்பவை அதன் சொந்த நொதிகளும் வெளியிலிருந்து நுழையும் கிருமிகளும். இரண்டையும் மட்டுப்படுத்துவது குளிர். கிருமிகளைக் கட்டிப்போடுவது ஈரக்குறைவும் உப்பும். புகை இன்னும் கதைக்குள் வரவே இல்லை.

கரையிலேயே தொடங்கும் வேலை

நல்ல புகை மீனும் மோசமான புகை மீனும் பெரும்பாலும் தண்ணீரை விட்டு மீன் வெளியே வந்த முதல் மணி நேரத்திலேயே பிரிந்துவிடுகின்றன. கெட ஆரம்பித்த மீனைப் புகை திருத்தாது. பிடித்ததும் செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு, வயிற்றைத் திறந்து குடலை எடுத்து, நன்றாகக் கழுவி, ஐஸில் புதைத்துவிட வேண்டும். மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு எடை ஐஸ் இருந்தால் நல்லது. உருகுகிற தண்ணீரிலேயே மீன் ஊறிக் கிடக்காமல் அது வடிய வழி வேண்டும்.

குடலை எடுத்த பிறகு வயிற்றுக்குள் பாருங்கள். நடுமுள்ளை ஒட்டி, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை, கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். மேலே மெல்லிய சவ்வு மூடியிருக்கும். உறைந்த ரத்தம் என்று நினைத்து நிறையப் பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது மீனின் சிறுநீரகம். கத்தி நுனியால் அந்தச் சவ்வை நீளவாக்கில் கீறி, ஸ்பூன் நுனியால் வழித்து, ஓடும் தண்ணீரில் முள் வெள்ளையாகத் தெரிகிற வரை கழுவ வேண்டும். அதை விட்டுவைத்தால் நடுமுள்ளை ஒட்டிய சதை கசக்கும். கெடுவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

புதிதாகப் பிடித்த மீன் என்பதால் அன்றைக்கே புகையில் ஏற்ற வேண்டும் என்று அவசரப்படத் தேவையில்லை. செத்த சில மணி நேரத்தில் மீன் கட்டைபோல விறைக்கும், பிறகு மெல்லத் தளரும். விறைப்பதற்கு முன் வெட்டியெடுத்த சதைத்துண்டு பின்னால் சுருங்கிப்போகும், உப்பும் அதில் மெதுவாகத்தான் ஏறும். ஐஸில் ஓர் இரவு இருந்து விறைப்பு தளர்ந்த மீன் இந்த வேலைக்கு இன்னும் வசதி. அவசரம் காட்ட வேண்டியது குளிரவைப்பதில்.

நன்னீர் மீனுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: சேற்று வாசனை. தேங்கிய தண்ணீரில் வாழும் சில நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுகிற அதே வாசனை. மனித மூக்கு இதை நம்பமுடியாத அளவுக்குச் சின்ன அளவிலும் கண்டுபிடித்துவிடும். மீன் இதைச் செவுள் வழியாக உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்துவைக்கிறது. புகை இதை மறைத்துவிடும் என்பார்கள். ஓரளவுக்குத்தான் மறைக்கும். தோலை உரித்து, பக்கவாட்டில் ஓடும் கறுத்த சதையை நீக்கினால் பலன் அதிகம்.

எந்த மீன் என்று கேட்டால், கொழுப்புள்ள மீன் என்பதுதான் என் பதில். விலாங்கு, டிரவுட், கொழுத்த கெண்டை, கெளுத்தி எல்லாம் புகையை நன்றாக வாங்கும். புகையின் மணப்பொருள்கள் பல கொழுப்பில் கரைபவை, தவிர கொழுப்பு சதையை உலராமல் காக்கிறது. விரால், திலாப்பியா போன்ற கொழுப்பு குறைந்த மீன்களையும் போடலாம், கொஞ்சம் கவனம் தப்பினால் நார்நாராக வறண்டுவிடும்.

உப்புநீர் செய்யும் மூன்று வேலைகள்

ருசிக்காக உப்பு போடுகிறோம் என்று நினைத்தால் அளவைக் குறைக்கத் தோன்றும். இங்கே உப்பு ருசியோடு நிற்பதில்லை. கிருமிகளுக்குத் தண்ணீர் எட்டாமல் செய்கிறது. சதையிலுள்ள புரதங்களைச் சற்று இளக்கி, சூட்டிலும் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வைக்கிறது. மேற்பரப்பில் ஒரு பசைத்தன்மையை உண்டாக்குகிறது. இந்தப் பசை எதற்கு என்று அடுத்த பகுதியில் வரும்.

1 லிட்டர் தண்ணீருக்கு 170 கிராமிலிருந்து 180 கிராம் உப்பு என்பது நல்ல தொடக்கம். கரைசலில் உப்பு ஏறக்குறைய 15 சதவீதம் இருக்கும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருக்காது. மீனை முழுக்க மூழ்கடித்து ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஊறவைக்க வேண்டும். பாத்திரம் கண்ணாடி, பிளாஸ்டிக், எவர்சில்வர் எதுவானாலும் சரி, அலுமினியம் வேண்டாம். சர்க்கரையோ மசாலாவோ சேர்ப்பது உங்கள் ருசி, பாதுகாப்புக்கு அது தேவையில்லை. ஒரு தடவை பயன்படுத்திய உப்புநீரைக் கொட்டிவிடுங்கள்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் குழப்பம் அதிகம். உப்பு சதைக்குள் தானாகப் பரவி நடுப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். கனம் இரண்டு மடங்கானால் அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 1 அங்குலக் கனமுள்ள துண்டுக்கு 1 மணி நேரம் என்றால், அரை அங்குலத்துக்கு 15 நிமிடம் போதும். ஒன்றரை அங்குலத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரிய மீனையும் சின்ன மீனையும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஒரே நேரத்தில் எடுத்தால் ஒன்று உப்புக் கரிக்கும், மற்றது நடுவில் சப்பென்று இருக்கும். சப்பென்று இருப்பது ருசிக்குறை மட்டும் இல்லை, அந்த இடத்தில் காவல் இல்லை என்றும் அர்த்தம். அதனால் துண்டுகளை ஒரே கனத்தில் வெட்டுங்கள்.

பளபளக்கும் படலம்

புதிதாகத் தொடங்குபவர்கள் அநேகமாகத் தவறவிடும் கட்டம் இது. உப்புநீரிலிருந்து எடுத்து, மேலே படிந்த உப்பு போகிற அளவுக்கு ஒரு தடவை அலசி, துணியால் ஒற்றி, கம்பிவலை மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் குளிர்ச்சியான இடத்திலோ ஃபிரிட்ஜில் மூடாமலோ வைக்க வேண்டும். உப்பு இளக்கிய புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து, காற்றில் காய்ந்து, மெல்லிய தோல்போல ஆகின்றன. இதைப் பெல்லிக்கிள் என்பார்கள், நாம் படலம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

படலம் வந்துவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விரலை வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் விரல் வழுக்கும், நனையும். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் விரல் நனையாது, ஆனால் லேசாக ஒட்டிக்கொண்டு மெல்ல விடுபடும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்பு மங்கலாக இல்லாமல் வார்னிஷ் பூசியது போலப் பளபளக்கும். அதுதான் சரியான பதம். அதற்கு முன்பே, சொட்டச் சொட்ட ஈரமாகப் புகையில் ஏற்றினால் புகை அந்த ஈரத்தோடு கலந்து கோடு கோடாக வழியும், கசப்பும் சேரும். அதற்காக மொறுமொறுவென்று காயவிட்டாலும் தப்பு, புகை ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் ஈரம் வேண்டும்.

புகை என்பது என்ன

மரத்தில் முக்கியமாக மூன்று பொருள்கள் இருக்கின்றன. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்கள். மூன்றாவது லிக்னின், மரத்துக்கு விறைப்பைத் தருகிற பிணைப்புப் பொருள். போதுமான காற்றுக் கிடைக்காமல் மரம் கனன்றால் இவை முழுக்க எரியாமல் துண்டு துண்டாக உடைகின்றன. அந்தத் துண்டுகள்தான் புகை.

ஹெமிசெல்லுலோஸ் முதலில் உடைகிறது, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் தாண்டியதுமே. அடுத்தது செல்லுலோஸ். இவற்றிலிருந்து அசிட்டிக் அமிலம் போன்ற அமிலங்களும், கார்போனைல் எனப்படும் பொருள்களும் வருகின்றன. மீனின் மேல் படியும் பொன்பழுப்பு நிறம் இந்தக் கார்போனைல்கள் மீனின் புரதத்தோடு வினைபுரிவதால் வருவது. அமிலங்கள் மேற்பரப்பை இறுக்கி, கிருமிகளுக்குக் கொஞ்சம் கசப்பான இடமாக ஆக்குகின்றன. லிக்னின் கடைசியில், 300 டிகிரிக்கு மேல்தான் நன்றாக உடைகிறது. அதிலிருந்து பீனால்கள் வருகின்றன. புகையின் மணம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பங்கு குவாயகால், சிரிங்கால் என்ற இரண்டு பீனால்களுடையது. கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிப்போவதைத் தாமதப்படுத்துவதும் பீனால்கள்தான்.

ஆக, புகையில் கிருமிகளுக்கு எதிரான சரக்கு இருப்பது உண்மை. புகை மீனைக் காக்கும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் இவை எல்லாம் மேற்பரப்பில், அதற்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான். சில மணி நேரப் புகை சதையின் நடுவை எட்டாது. ஆபத்தான கிருமி இருப்பதோ நடுவில்.

எந்த மரம்? பிசின் இல்லாத, நன்றாகக் காய்ந்த கடின மரம். ஓக், பீச், ஆல்டர், ஆப்பிள், மா, கொய்யா என்று பழமரங்கள் உட்பட எதுவும் ஆகும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பிசின் அதிகம், கரியும் கசப்பும் படியும். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, பூச்சி அரிக்காமல் மருந்தூட்டிய கட்டை இவற்றைக் கிட்டேகூடக் கொண்டுவர வேண்டாம். மரத்துக்கு மரம் ருசி மாறும் என்று மணிக்கணக்கில் பேசலாம். என் அபிப்பிராயத்தில் மரத்தின் பெயரைவிட அது எப்படிக் கனல்கிறது என்பது ருசியில் பெரிதாகத் தெரியும். மரச்சிராயைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடுவது பலருக்கு வழக்கம். அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை மரம் உடையவே தொடங்காது, முதலில் வருவது நீராவி.

புகையின் நிறத்தைக் கவனியுங்கள். மெல்லியதாக, நீலம் கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற மாதிரி வந்தால் நல்ல புகை. கெட்டியாக வெள்ளை வெளேரென்றோ மஞ்சளாகவோ கொப்பளித்தால் காற்று போதவில்லை. மேல்துளையை மூடிப் புகையை உள்ளேயே அடைத்துவைத்தால் நிறைய ஏறும் என்று சிலர் செய்வார்கள். அப்படித் தேங்கிய புகைதான் தாராக மீன் மேல் படிந்து நாக்கை மரக்கச் செய்வது. புகை வந்து, மீனைத் தொட்டு, போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு கவலையும் நியாயமானது. மரம் அதிகச் சூட்டில் எரியும்போதும், மீனின் கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து தீயும்போதும் பென்சோபைரீன் என்ற பொருள் உண்டாகிறது. இது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரிலிருந்து புகையூட்டிய மீனில் இதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். வீட்டில் இதை அளக்க முடியாது, குறைக்க முடியும்: மரம் சுவாலை விட்டு எரியாமல் கனலட்டும், மீன் தணலுக்கு நேர் மேலே வேண்டாம், சொட்டும் கொழுப்பைப் பிடிக்க இடையில் ஒரு தட்டு இருக்கட்டும்.

இதுவரை: உப்பு உள்ளே போய்விட்டது, மேலே படலம் வந்துவிட்டது, படலத்தில் புகை ஒட்டிக்கொண்டது. மணமும் நிறமும் கிடைத்தாயிற்று. கிருமிகள் இன்னும் சாகவில்லை.

சூடு, அதையும் மீனுக்குள்ளே

புகையூட்டுவதில் இரண்டு வகை. காற்றுச் சூடு 30 டிகிரிக்குக் கீழே இருக்க, மீனை வேகவைக்காமல் புகை மட்டும் காட்டுவது குளிர்ப் புகை. புகையோடு மீனை வேகவும் வைப்பது சூட்டுப் புகை. வீட்டில் நன்னீர் மீனுக்குச் சூட்டுப் புகை ஒன்றுதான் சரி. ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டு அளவில் பின்பற்றத் தக்க எல்லை இது: மீனின் மிகக் கனமான இடத்தின் நடுச்சதை 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும், அதே சூட்டில் 30 நிமிடம் நிற்க வேண்டும். புகைப்பெட்டிக் கதவில் இருக்கிற மானி காட்டுவது காற்றின் சூட்டை. கொடியில் கிடக்கும் ஈரத்துணியை உச்சி வெயிலில் தொட்டாலும் குளுகுளுவென்றுதான் இருக்கும், ஏனென்றால் ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரமான மீனும் அப்படியே. பெட்டிக்குள் 80 டிகிரி இருக்கும்போது மீனின் நடுவில் 50 கூட இல்லாமல் நெடுநேரம் நிற்கலாம். அதனால் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். முழு மீனென்றால் தலைக்குப் பின்னால், முதுகுப் பக்கத்துச் சதையில், முள்ளைத் தொடாமல் குத்த வேண்டும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்வது பெரிய ஆபத்து. பொன்னிறம் புகையால் வருவது, பச்சை மீனுக்கும் வரும்.

எடுத்த எடுப்பில் சூட்டை ஏற்றவும் கூடாது. மேற்பரப்பு சட்டென்று இறுகினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். அதோடு சதை வேகமாகச் சுருங்கி, உள்ளிருக்கும் புரதச்சாற்றைப் பிதுக்கி வெளியே தள்ளும். மீனின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தயிர்போலத் திரண்டு நிற்பது அதுதான். தின்றால் கெடுதல் இல்லை, ஆனால் சூடு அவசரமாக ஏறியதற்கு அடையாளம். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பெட்டியை 40 டிகிரி அளவில் வைத்துப் புகையை ஏற்றுங்கள், பிறகு படிப்படியாகப் பெட்டியின் சூட்டை 100 டிகிரிக்கு மேல் கொண்டுபோங்கள். இதமான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால் அந்த முதல் கட்டத்தை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. உங்கள் பெட்டி அவ்வளவு சூடு தராது என்றால், புகை ஏறியதும் மீனை சமையலறை ஓவனுக்கு மாற்றி அங்கே 71 டிகிரிக்குக் கொண்டுவரலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. புகை அதற்குள் ஒட்டிக்கொண்டாயிற்று.

பெட்டி எப்படிப்பட்டது என்பது இரண்டாம்பட்சம். டிரம், பழைய அலமாரி, கடையில் வாங்கியது எதுவானாலும் கீழே காற்று நுழைய, மேலே புகை வெளியேற வழியும், சூட்டைக் கூட்டிக் குறைக்க வசதியும் வேண்டும். துத்தநாகம் பூசிய தகரம் மட்டும் வேண்டாம்.

குளிர்ப் புகை ஏன் வேண்டாம்

நன்னீர் மீன்களில் மனிதருக்குத் தொற்றும் ஒட்டுண்ணிகள் உண்டு. சில மீன்களில் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கும், சிலவற்றில் கல்லீரல் புழுவின் இளம்பருவம். 30 டிகிரிப் புகை இவற்றை ஒன்றும் செய்யாது. உப்பும் நம்பத்தக்க காவல் இல்லை. ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்தால் பெரும்பாலான ஒட்டுண்ணிகள் சாகும், ஆனால் வீட்டு ஃப்ரீசர்கள் பல அந்தச் சூட்டளவுக்கு இறங்குவதில்லை, பாக்டீரியாக்களும் உறைவதால் சாவதில்லை. குறிப்பாக லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும், கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் மிக ஆபத்தானது. குளிர்ப் புகை மீன் தயாரிக்கும் ஆலைகளில் உப்பின் அளவை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்கள், குளிரைக் கண்காணிக்கிறார்கள். நம் வீட்டில் அந்த வசதி இல்லை.

வாசனை காட்டாத எதிரி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். க்ளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா நீர்நிலைகளின் அடிச்சேற்றில் வாழ்கிறது, அங்கிருந்து மீனின் குடலுக்கும் செவுளுக்கும் வருகிறது. இது ஸ்போர் வடிவத்தில் கிடக்கக் கூடியது. ஸ்போர் என்பது கெட்டியான கூட்டுக்குள் பாக்டீரியா தூங்கும் நிலை. நம் 71 டிகிரிச் சூட்டிலும் சில ஸ்போர்கள் பிழைத்துவிடலாம். தூங்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை. காற்று இல்லாத, ஈரமான, உப்புக் குறைந்த இடம் கிடைத்தால் விழித்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். நரம்புகளைச் செயலிழக்கச் செய்து, மூச்சுத் தசைகளை நிறுத்தக்கூடிய நஞ்சு அது.

இந்தப் பாக்டீரியாவில் பல வகைகள் உண்டு, மீனோடு அதிகம் தொடர்புள்ளது ‘E’ என்ற வகை. 3 டிகிரி செல்சியஸைச் சற்றே தாண்டிய குளிரிலும் இது வளரும். இது வளர்ந்த மீன் நாறாமலே இருக்கலாம், நிறமும் மாறாமலே இருக்கலாம். முகர்ந்து பார்த்துச் சொல்கிற பழக்கம் இங்கே உதவாது. 1963இல் அமெரிக்காவில், பேரேரிகளில் பிடித்துப் புகையூட்டி, காற்றை உறிஞ்சி எடுத்து மூடும் வேக்குவம் பாக்கெட்டில் அடைத்த மீனைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த நஞ்சால் நோய் கண்டு, சிலர் இறந்தார்கள். மீனில் புகைக்குக் குறைவு இருக்கவில்லை.

இன்றைக்கு அந்த நாட்டு வழிகாட்டுதல்படி, சூட்டுப் புகை மீனை வேக்குவம் பாக்கெட்டில் அடைத்து விற்கும் ஆலைகள் இரண்டைக் காட்ட வேண்டும். மீன் முழுவதும் 62.8 டிகிரியில் 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும். மீனிலுள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால் உப்பு 3.5 சதவீதமாவது இருக்க வேண்டும். அப்படியும் குளிரில்தான் விற்க வேண்டும். வீட்டில் அந்த உப்பளவை அளக்க நமக்கு வழியில்லை. அதனால்தான் சூட்டை அவர்களைவிடக் கூட்டி 71 டிகிரி வைக்கிறோம், காற்றுப் புகாத உறையைத் தவிர்க்கிறோம், குளிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம்.

எடுத்து வைப்பது

புகைப்பெட்டியிலிருந்து எடுத்த மீனைச் சூட்டோடு மூடக் கூடாது. மூடினால் ஆவி உள்ளேயே குளிர்ந்து நீர்த்துளியாகி மீன் மேல் வழியும், பாடுபட்டுக் காயவைத்த மேற்பரப்பு திரும்ப நனையும், பூஞ்சை பிடிக்கும். கம்பிவலையிலேயே ஆறவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்ததும் தாமதிக்காமல் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பச்சை மீன் வைத்த தட்டையோ கத்தியையோ கழுவாமல் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மெழுகுத்தாளிலோ சாதாரணத் தாளிலோ தளர்வாகச் சுற்றி வையுங்கள். உடனே தின்னத் தோன்றும், ஆனால் ஓர் இரவு பொறுத்தால் மேலே நின்ற காரமான புகை சற்று உள்ளிறங்கி ருசி சமமாகும்.

ஃபிரிட்ஜின் உள்சூடு 3 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ இருக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கதவைத் திறந்து மூடுகிற வீட்டு ஃபிரிட்ஜ்கள் பல 5, 6 டிகிரியில் ஓடுகின்றன. 3 டிகிரியில் வைக்க முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கலாம். முடியாதென்றால் சில நாளில் தீர்த்துவிடுங்கள், மீதியை ஃப்ரீசரில் வையுங்கள். அங்கே இரண்டு மூன்று மாதம் ருசி கெடாமல் நிற்கும்.

ஃப்ரீசருக்குப் போகிற மீனை மட்டும் வேக்குவம் பாக்கெட்டில் அடைக்கலாம், உறைந்திருக்கும்போது அந்தப் பாக்டீரியா வளராது. ஆனால் வெளியே எடுத்ததும், உருகுவதற்கு முன்பே, பாக்கெட்டை வெட்டித் திறந்துவிட வேண்டும். பிறகு ஃபிரிட்ஜுக்குள் வைத்து உருகவிடலாம்.